தனி நம்பர் வேணாம் தம்பி, போன் வெச்சதுக்குப் பிறகு ஆகிற செலவப் பாருங்க

தம்பி கேட்டது இதுதான்: கனடாவுல இருக்கிற எங்கட ஊராக்கள் கொஞ்சம் காசு சேர்த்திருக்காங்க, பிள்ளையளுக்கு நடக்கிற கொடுமைய முறையிட, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் பக்கத்துக்கெண்டு தனியா ஒரு தமிழ் ஹெல்ப்லைன் தொடங்க யோசிக்கிறம், மிச்சக் காச அரசாங்கத்திட்ட எடுக்கலாமா, இப்ப இருக்கிற 1929க்கு அரசாங்கம் எப்படித்தான் காசு குடுக்குது?

நான் மட்டக்களப்பு மாவட்டத்துல இந்த சிறுவர் விசயம் பாக்கிற வேலையில பதினஞ்சு வருசத்துக்கு மேல கிடந்து எழும்பின ஆள், இப்ப வீட்டதான் இருக்கன், அதால கொஞ்சம் விரிவாவே சொல்றன். முதல்ல உங்கட கடைசிக் கேள்வியில இருந்து வாறன், ஏனெண்டா அது விளங்கினா மத்த ரெண்டுக்கும் பதில் தானா வரும்.

1929 எண்டது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைட நம்பர். 1998ம் ஆண்டு 50ம் இலக்க சட்டத்தால உருவான அதிகாரசபை, தலைமை ஒபிஸ் கோட்டே மாதிவெலயில. எந்த போன்ல இருந்து அடிச்சாலும் காசு இல்ல, 24 மணித்தியாலம், மூணு பாசையும், பேர் சொல்ல விருப்பமில்லாட்டி சொல்லத் தேவையில்ல. காசு திறைசேரியில இருந்து அமைச்சுக்கு வந்து அமைச்சால அதிகாரசபைக்குப் போகும், வருசா வருசம் வரவு செலவுத் திட்டத்துல அமைச்சுட தலைப்புக்குள்ள இது ஒரு வரி. அந்த வரியில வருசா வருசம் திரும்பி வாற மீண்டெழும் செலவு, கட்டிடம் வாகனம் மாதிரி மூலதனச் செலவு எண்டு ரெண்டு பத்தி இருக்கும். மீண்டெழும் செலவுல பெரிய துண்டு சம்பளம். இதில ஒண்டும் ரகசியம் இல்ல, பட்ஜெட் மதிப்பீட்டுப் புத்தகம் தமிழ்லயும் வருது, ஒரு மனிசனும் வாசிக்கிறதில்ல எண்டது வேற கதை.

சும்மா அடிக்கலாம்ண்டா காசு இல்லாம நடக்குது எண்டு அர்த்தமில்ல, அடிக்கிறவருக்குப் பதிலா எடுக்கிறவர் கட்டுறார், அவ்வளவுதான். மறுகா ஆள் கணக்கப் பாருங்க. ஒரே ஒரு கதிரைய கிழமைக்கு 7 நாளும் 24 மணித்தியாலமும் வெறுமையாகாம வெச்சிருக்கோணும்ண்டா 168 மணித்தியாலம். ஒராள் கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செஞ்சா 4 பேர் போதாது, லீவு, போயா, காய்ச்சல், பிரசவ லீவு எல்லாம் சேர்த்தா 5 பேர் வேணும். தமிழுக்கு ஒரு கதிரை, சிங்களத்துக்கு ஒரு கதிரை எண்டாலே பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் சும்மா டெலிபோன் ஒபரேட்டர் இல்ல, அழுற பிள்ளையோட கதைக்கத் தெரிஞ்சாக்கள், கதைச்சு முடிச்சு வீட்ட போய் சோறு தின்ன ஏலாம இருக்கிறாக்கள். அவங்களுக்கும் ஒராள் மேற்பார்வை வேணும். உங்கட ஊர்ச் சங்கம் இதை எத்தனை வருசத்துக்கு தாங்கும்? கனடாக்காரர் முதல் வருசம் குடுப்பாங்க, ரெண்டாம் வருசம் கோயில் கும்பாபிசேகம் வரும், மூணாம் வருசம் ஆரோ ரெண்டு பேர் கோவிச்சுப் பிரிவாங்க. நக்கலுக்குச் சொல்லல்ல, சுனாமிக்குப் பிறகு இஞ்ச வந்த எத்தனையோ புறொஜெக்டுட கதை இதுதான். 2005, 2006ல மட்டக்களப்பு டவுன்ல திரும்பின பக்கமெல்லாம் ஐஎன்ஜிஓ (வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம்) போர்ட், பிள்ளையளுக்கெண்டு கூடாரம், விளையாட்டுச் சாமான், கவுன்சிலிங். 2009ல யுத்தம் முடிஞ்சதுக்குப் பிறகு ஒவ்வொண்டாக் கிளம்பிட்டாங்க. போர்ட் மட்டும் துருப்பிடிச்சு கொஞ்சக் காலம் நிண்டிச்சு, அதில எழுதிக்கிடந்த நம்பருக்கு அடிச்சா ரிங் போகாது. ஒரு பிள்ளை தைரியத்தச் சேர்த்து அடிச்சு ரிங் போகாட்டி ரெண்டாம் தரம் அடிக்காது தம்பி. அதாலதான் நான் சொல்றன், மூடப்போற நம்பர திறக்காதீங்க.

இனி முக்கியமான இடத்துக்கு வாறன். ஆக்கள் நினைக்கிறது போன் எடுக்கிற ஆளோட விசயம் முடியுதெண்டு. போன் வெச்சதுக்குப் பிறகுதான் செலவே துவங்குது. கொழும்புல முறைப்பாட்ட எழுதி, அதுட தன்மையப் பாத்து பொலிசுக்கோ, மாவட்டத்துல இருக்கிற அதிகாரசபைட ஒபிசருக்கோ, நன்னடத்தைக்கோ அனுப்புவாங்க. இந்த இடத்துல ஒரு பிள்ளைக்கு மூணு முதலாளி. மாவட்ட சிறுவர் பாதுகாப்பு ஒபிசர், உளசமூக ஒபிசர் ரெண்டு பேரும் அதிகாரசபைட சம்பளம். டிஎஸ் ஒபிஸில (பிரதேச செயலகத்துல) இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய நன்னடத்தை திணைக்களத்து ஆள். கோட்டுக்கு அறிக்கை குடுக்கிற நன்னடத்தை உத்தியோகத்தர், நாங்க ப்ரோபேஷன் எண்டு சொல்ற ஆள், மாகாணத்து ஆள், ஏனெண்டா 13ம் திருத்தத்தோட அந்த வேலை மாகாணத்துக்குப் போயிட்டு, கிழக்குக்கு அது திருகோணமலையில இருந்து ஓடுது. இந்த மூணுக்கும் வெளியால பொலிஸ்ட சிறுவர் பெண்கள் பணியகம், அது வேற அமைச்சு. கிழக்கு மாகாண சபைட காலம் 2017 செப்டெம்பரோட முடிஞ்சு வருசக்கணக்கா எலெக்ஷன் வெக்காம ஆளுநரோட ஓடினது உங்களுக்குத் தெரியும்தானே, அதால மாகாணக் காசுக்கு ஏன் ப்ரோபேஷனுக்கு ஆள் காணாது எண்டு சபையில எழும்பிக் கேக்க ஒரு உறுப்பினர் இல்லாமப் போயிட்டு. ஹெல்ப்லைனுக்கு காசு கூட்டினம் எண்டு கொழும்புல சொன்னா அது முதல் முதலாளிட கணக்குல மட்டும் கூடும். கால் கூடும், அதை வாங்கிற மத்த ரெண்டு பேருட ஆளும் பெட்ரோலும் அப்படியேதான்.

அலொகேஷன், இம்ப்ரெஸ்ட் எண்டு ரெண்டு சொல்லு இருக்கு, அரசாங்க ஒபிஸில வேலை செஞ்சாக்களுக்கு இது தெரியும், மத்தாக்களுக்குத் தெரியாததாலதான் பட்ஜெட் நியூஸப் பாத்து கைதட்டுறாங்க. அலொகேஷன் எண்டது இவ்வளவு செலவழிக்கலாம்ண்டு பாராளுமன்றம் குடுக்கிற அனுமதி. இம்ப்ரெஸ்ட் எண்டது திறைசேரி உண்மையில அனுப்புற காசு. அனுமதி ஜனவரியில இருக்கும், காசு பிந்தும், சில வருசம் கடைசி மூணு மாசத்துல பொத்தெண்டு வந்து டிசம்பர் 31க்கு முதல் முடிக்கச் சொல்லுவாங்க, அப்ப என்ன நடக்கும், செமினார் நடக்கும், பேனர் அடிப்பாங்க, டிபன் பெட்டி வாங்குவாங்க. மார்ச் மாசம் ஒரு பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன த்ரீவீல் காசுக்கு வோட், அதாவது செலவுத் தலைப்பு, இருக்காது, டிசம்பர்ல சிறுவர் உரிமை பத்தி ரீசேட் அடிக்க வோட் இருக்கும்.

ஒண்டு சொல்றன், கேளுங்க. 2022 ஜூலை. பெட்ரோல் இல்லாத காலம், ஜூன் 27ம் திகதி ராவோட அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எண்ணெய் எண்டு நிப்பாட்டின நேரம். அந்த அத்தியாவசிய லிஸ்ட்ல நாங்க இல்ல. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மூணு மணிபோல தகவல் வருது, வாவிக்கு அங்கால ஒரு கிராமம், ஒன்பது வயசுப் பிள்ளை, தாய் குவைத்துல, பக்கத்து வீட்டு மனிசி ஒருத்தி போன் பண்ணியிருக்கா. சனி ஞாயிறு விட்டா திங்கள்தான். என்ட பைக்குல ரிசேவும் இல்ல. தண்ணிப் பம்புக்கெண்டு ஒரு கமக்காரர் ஒளிச்சு வெச்சிருந்த சோடாப் போத்தல்ல ஒண்டர லீட்டர் தந்தார், காசும் வேணாம் எண்டுட்டார், ஏனெண்டும் கேக்கல்ல. நானும் இன்னொரு ஒபிசர் பிள்ளையும் போனம். போற வழியெல்லாம் எனக்கு பயம், வீட்டாக்கள் சத்தம் போடுவாங்களோ எண்டு. அங்க போனா சத்தமே இல்ல. பிள்ளை அந்த வெயிலுக்க முழுக்கைச் சேட்டு போட்டுக்கொண்டு முத்தம் கூட்டுது. சேட்டு அதுட அளவும் இல்ல. கூட வந்த ஒபிசர் பிள்ளை கெட்டிக்காரி, ஒண்டும் கேக்கல்ல, குந்தி இருந்து கூட்டுமார வாங்கி தானும் கூட்டினா, கொஞ்ச நேரத்துல பிள்ளையே கைய மடிச்சுக் காட்டிச்சு. கரண்டிக் காம்புச் சூடு, பழசும் புதுசுமா.

மறுகா நடந்ததுல செலவ மட்டும் சொல்றன். பொலிசுக்குச் சொல்லி அவங்க வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல, அவங்களுக்கும் எண்ணெய் இல்ல. ஆஸ்பத்திரிக்கு த்ரீவீல், அவன் கேட்டது சாதாரண காசுட மூணு மடங்கு, அவனும் கறுப்புலதானே எண்ணெய் வாங்கினவன். சட்ட வைத்திய அதிகாரி பாக்கிறதுக்கு வாட்டுல நிக்கோணும், நிக்கிறதுக்கு ஒரு பொம்பிளை ஒபிசர் வேணும், அவக்கும் பிள்ளைக்கும் ராச் சாப்பாடு. மாத்து உடுப்பு ரெண்டு. பிறகுதான் பாக்கிறம் பிள்ளைட கால்ல செருப்பு இல்ல. அந்த ஒபிசர் பிள்ளை ஆஸ்பத்திரிக்கு முன்னால கடையில ரோஸ் கலர் செருப்பு ஒண்டு வாங்கினா, பிள்ளை அதைப் போடல்ல, நெஞ்சோட அணைச்சுக்கொண்டு படுத்திட்டு. அடுத்த கிழமை எல்லாத்தையும் எழுதி வவுச்சர் போட்டம். த்ரீவீல்காரன் பில் தரமாட்டான் எண்டு சொன்னா சப்ஜெக்ட் கிளாக் சிரிக்கிறார். செருப்புக்கு எந்த வோட்ல போடுற எண்டு கேக்கிறார். அவரையும் குறை சொல்ல ஏலா, கணக்குப் பாக்கிற ஓடிட்டுக்காரன் வந்தா அவருட சம்பளத்துலதான் வெட்டுவான். ட்ரவலிங் கிளெய்ம் மட்டும் நாலு மாசத்துக்குப் பிறகு வந்திச்சு, செருப்புக் காசு இண்டைக்கு வரைக்கும் வரல்ல. ஆகஸ்டுல இருந்து எண்ணெய் பங்கிடுற கியூஆர் முறை ஒழுங்கா ஓடத் துவங்கின பிறகு பைக்குக்கு கிழமைக்கு 4 லீட்டர்தான் குடுத்தாங்க, அது மாவட்டத்துட வடக்குத் தொங்கல்ல இருக்கிற வாகரைக்கு ஒரு தரம் போய் வர முடிஞ்சிடும்.

இப்ப சொல்லுங்க, அந்தப் பிள்ளைட விசயத்துல ஹெல்ப்லைன் வேலை செஞ்சுதா இல்லயா? செஞ்சுது. பக்கத்து வீட்டு மனிசி அடிச்சா, எடுத்தாங்க, எழுதினாங்க, அனுப்பினாங்க. எல்லாம் சரி. வவுச்சர் மாட்டுப்பட்டது எங்கட பக்கம்.

அம்பாறைக் கரையோரத்துக்கு இன்னும் ஒரு கரைச்சல். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் தமிழ் கதைக்கிற சனம், கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இருக்கிறது அம்பாறை டவுன்ல. பொத்துவில்ல இருந்து ஒரு தாய் பிள்ளையக் கூட்டிக்கொண்டு போய் வந்தா ஒரு நாள் போச்சு, பஸ் காசு, அண்டைய கூலி ரெண்டும் போச்சு, பிறகு சிங்களத்துல கதைக்க ஆள் தேடோணும். கோட்டுக்கு நாலு தவணை போனாவெண்டா அஞ்சாவது தவணைக்கு வரமாட்டா. கேஸ் தள்ளுபடியாகுது எண்டா சனம் லோயரப் பேசுது, நீதவானப் பேசுது, பாதிக் கேஸ் பஸ் காசுலதான் போகுது எண்டு எனக்கு ஒரு எண்ணம்.

வெளிநாட்டுல எப்படி எண்டும் சுருக்கமாச் சொல்றன். இந்தியாட 1098 மும்பையில 1996ல சமூகவேலை படிப்பிக்கிற ஒரு நிறுவனத்துக்குள்ள துவங்கினது, பிறகு மத்திய அரசு காசு குடுக்க தொண்டு நிறுவனங்கள் ஊரூரா நடத்தினாங்க, 2023 அளவுல அரசாங்கமே கையில எடுத்து 112 அவசர நம்பரோட இணைச்சிட்டு. அதுல நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு எண்டு அங்க இன்னும் சண்டை. இங்கிலாந்துட சைல்ட்லைன் 1986ல துவங்கினது, 2006ல இருந்து ஒரு பெரிய தொண்டு நிறுவனத்துக்குள்ள, கூடுதலா சனத்துட நன்கொடையில ஓடுது. நன்கொடையில ஓடுறதெண்டா விளம்பரத்துக்கும் செலவழிக்கோணும், அது பணக்கார நாட்டு வேலை. எங்கட 1929 அரசாங்கத்துட கையில இருக்கிறது என்ட அபிப்பிராயத்துல சரிதான், ஏனெண்டா அதுக்குப் பின்னால சட்டம் இருக்கு, பொலிச அனுப்புற அதிகாரம் இருக்கு. ஊர்ச் சங்கத்துட நம்பருக்கு அந்த அதிகாரம் இல்ல, நீங்களும் கடைசியில 1929க்குத்தான் அடிப்பீங்க.

இன்னொண்டு, காசு குடுக்கிறாக்கள் எப்பவும் கேக்கிறது எத்தனை கால் வந்திச்சு எண்டு. வருசத்துக்கு 8000க்கு மேல முறைப்பாடு அதிகாரசபைக்கு வாறது பேப்பர்லயே வாற விசயம், சில வருசம் 10000 தாண்டியிருக்கு. இந்த எண்ணிக்கை கூடினா ஒருத்தர் நாடு கெட்டுப்போச்சு எண்டுவார், இன்னொருத்தர் சனம் விழிப்பாயிட்டு எண்டுவார். எண்ணிக்கையில வராத கால் இருக்கு, அதைப் பத்தி ஒருத்தரும் கதைக்கிறதில்ல. பிள்ளையள் முதல் தரம் அடிச்சா கதைக்காது. மூச்சுச் சத்தம் மட்டும் கேக்கும், இல்லாட்டி சிரிச்சிட்டு வெச்சிடும். எங்கட ஒபிஸ் போனுக்கே அப்படி வந்திருக்கு. அதைப் பகிடிக் கால் எண்டு வெட்டினா நம்பரப் பரிசோதிச்சுப் பாத்த பிள்ளைய வெட்டினமாதிரி. அப்படியான காலுக்குப் பொறுமையா நிக்க ஆள் வேணும், நிக்கிற ஆளுக்கு நேரம் வேணும், நேரமெண்டா சம்பளம்.

தனி நம்பர் வேணாம் எண்டதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, இதைச் சொல்ல கொஞ்சம் கூச்சம். எங்கட ஊர்கள்ல எல்லாரும் சொந்தக்காரர். உங்கட ஹெல்ப்லைன எடுக்கிற பொடியன் முறைப்பாடு செய்யப்பட்ட ஆளுட மச்சானா இருப்பான். அண்டைக்குப் பின்னேரமே கதை கோயிலடிக்கு வந்திடும், பெரியாக்கள் கூடி, பிள்ளைட எதிர்காலம், குடும்ப மானம் எண்டு சமாளிச்சு விடுவாங்க, கொஞ்சக் காசும் கைமாறும். சிறுவர் துஷ்பிரயோகம் கோயிலடியில சமாதானம் பண்ற விசயமில்ல, பண்ணினாக்களும் பிறகு கோட்டுல நிக்கவேண்டி வரும். மாதிவெலயில இருக்கிற ஆளுக்கு உங்கட ஊர் ஆர் ஆரெண்டு தெரியாது, அந்தத் தூரம்தான் அதுட பலம். பிறகு பிள்ளை நடந்தத ஜிஎஸ்ஸுக்கு (கிராம சேவகருக்கு) ஒருக்கா, பொலிசுக்கு ஒருக்கா, டொக்டருக்கு ஒருக்கா, ப்ரோபேஷனுக்கு ஒருக்கா சொல்லுது, நீங்க அஞ்சாவது. திருப்பித் திருப்பிக் கேக்கிறது பிள்ளைக்கும் வதை, கேசுக்கும் கேடு, அதாலதான் 1999லயே பிள்ளைட வாக்குமூலத்த வீடியோவில எடுக்கலாம்ண்டு சாட்சியச் சட்டத்துல ஒழுங்கு கொண்டுவந்தாங்க.

அப்ப கனடாக் காச என்ன செய்யிற? நான் எண்டா இப்படிச் செய்வன். முதல்ல சங்கத்த டிஎஸ் ஒபிஸில பதிவு செஞ்சு எடுங்க, பெரிசாச் செய்யிறதெண்டா 1980ம் ஆண்டு 31ம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ தொண்டு நிறுவனமாப் பதியலாம், ஆனா அது இழுபடும். ஒபிசர்மார்ட கையில காசு குடுக்காதீங்க, நல்லெண்ணத்துல குடுத்தாலும் அது லஞ்சக் கேசாப் போகலாம், அவங்கட வேலையும் போகும். உங்கட கிராமத்துல சிறுவர் அபிவிருத்திக் குழு ஒண்டு பேருக்காவது இருக்கும், அதை எழுப்புங்க, சங்கம் நேரடியா பில் கட்டலாம்: கோட்டுத் தவணைக்கு தாயும் பிள்ளையும் போய்வர ஒரு வாகனம், ஆஸ்பத்திரியில நிக்கிற நேரம் சாப்பாடு, ஒரு பேக்குல உடுப்பு, சவுக்காரம், பல்லுத் தூரிகை, செருப்பு, அளவு அளவா அஞ்சாறு பேக் கட்டி டிஎஸ் ஒபிஸ் ஸ்டோர்ல பதிவு போட்டு வெச்சா ராத்திரி பதினொரு மணிக்கும் எடுக்கலாம். மாரிக்கு கிரான் பக்கம் ரோட்டால தண்ணி பாயேக்குள்ள அங்கால போற வள்ளக் கூலி. இதெல்லாம் சின்னக் காசு, அரசாங்கப் புத்தகத்துல இதுக்குத்தான் வோட் இல்ல.

அரசாங்கத்திட்ட கேக்கிறதெண்டா உங்கட சங்கத்துக்குக் கேக்காதீங்க, கிடைக்காது. மாவட்டத்துக்குக் கேளுங்க. 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் சட்டத்துல ஒரு கடிதம் போடுங்க, எங்கட மாவட்டத்துல 14 பிரதேச செயலகப் பிரிவுக்கும் எத்தனை ப்ரோபேஷன் ஒபிசர், எத்தனை வெற்றிடம், போன வருசம் கள வேலைக்கு ஒதுக்கினது எவ்வளவு, கையில வந்தது எவ்வளவு எண்டு. 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லயா எண்டு பதில் சொல்லோணும். அந்தத் தாளக் கொண்டுபோய் எம்பிமாரிட்ட குடுங்க, பட்ஜெட் நேரம் பாராளுமன்றத்துல நடக்கிற அமைச்சுட குழுநிலை விவாதத்துக்கு முதல் குடுக்கோணும், விவாதம் முடிஞ்ச பிறகு குடுத்தா சட்டைப் பையிலயே கிடக்கும். எங்கட எம்பிமாருக்கும் கதைக்க எண்ணிக்கை கையில இருந்தா கதைப்பாங்க, இல்லாட்டி வழமையான பேச்சுத்தான்.

நம்பர் விளம்பரப்படுத்த ஆசையெண்டா இருக்கிறத விளம்பரப்படுத்துங்க. 1929 பிள்ளையளுக்கு, பொலிஸ் சிறுவர் பெண்கள் பணியகம் 109, அவசரத்துக்கு 119. மண்டூர்ப் பாதையடியில (வாவியக் கடக்கிற மிதவைத் துறையில), டியூட்டரி வாசல்ல, பள்ளிக்கூட மலசலகூடக் கதவுட உள்பக்கம் ஒட்டுங்க. ஒபிஸ் நோட்டீஸ் போர்ட்ல ஒட்டினா பிள்ளை நிண்டு வாசிக்க ஏலா, ஆரும் பாப்பாங்க.

அதுக்கும் முதல் ஒரு வேலை. உங்கட டிஎஸ் ஒபிஸில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர போய்ப் பாருங்க, புதன்கிழமை போங்க, அண்டைக்கு கூடுதலா ஒபிஸில இருப்பாங்க. போன வருசம் பிள்ளையளுக்கு உங்கட கைக்காசுல என்னென்ன வாங்கினீங்க எண்டு கேளுங்க. முதல் நாள் ஒண்டும் இல்ல தம்பி எண்டுதான் சொல்லுவாங்க. ரெண்டாம் தரம் போங்க, அப்ப லிஸ்ட் வரும்.